கித்தான் கூரையும் தாய்மாமன் சீரும்

கீழக்குயில்குடி உக்கிரபாண்டி மோட்டார் கார் வாங்கியதே, பேரையூரில் இருக்கும் தங்கச்சி புருஷன் காசிமாயனின் வாயை அடைக்கத்தான். கல்யாணமான நாளிலிருந்து "மாட்டுவண்டி மச்சான்" என்று கூப்பிட்டே அவன் இவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தான். இப்போது தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் பட்டுத் தலைப்பாகையோடு பின் சீட்டில் சாய்ந்தபடி ஊருக்குள் நுழைய வேண்டும். அதுவும் தனியாக. பெண்டாட்டி செல்லத்தாயை ஏற்றினால் செக்கானூரணியில் அவள் அப்பனும் ஏறிக்கொள்வார். அப்புறம் தலைப்பாகையை யார் பார்ப்பது?

செல்லத்தாயே பேச்சை எடுத்தாள். சீர் சாமானையெல்லாம் மோட்டார் தலையில் கேரியர் போட்டு ஏற்றிவிட்டால், ஒன்றாகவே போய்விடலாமே என்றாள்.

உக்கிரபாண்டி இதற்காகவே காத்திருந்தார். மதுரைப் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து கற்றுவந்த வித்தையை அவிழ்த்துவிட்டார். மரக்கூரை என்றால் சட்டம் அடித்துக் கேரியரை முடுக்கலாம். தகரக்கூரை என்றால் ஓரத்து விளிம்பில் கொக்கி போட்டு மாட்டலாம். நம்முடையது கித்தான் துணிக் கூரை. நாலு வளைகம்பை நம்பி நிற்கிறது. ஒரு மூட்டை அரிசி வைத்தால் கூரை மடிக்கு வந்துவிடும்.

"எந்தக் கேரியரும் இதுக்கு ஆகாது. சீரு மாட்டுவண்டியிலதான் போகணும். அம்புட்டையும் கூலியாளை நம்பி விட முடியுமா? நம்ம ஆளு ஒருத்தர் கூடப் போகணும்" என்றார்.

செல்லத்தாய் சாதுவாகத் தலையாட்டினாள். குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நான் போயிருவேன். ஆனா தாய்மாமன் சீரை மாமன் கொண்டாந்து எறக்காம அவன் பொண்டாட்டி எறக்குனா, பேரையூர்ல என்ன பேசுவாக? ஒங்க தங்கச்சிக்குத்தான் தலைகுனிவு."

உக்கிரபாண்டி, கேரியரைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிப் பார்க்கலாமோ என்று மெல்ல ஆரம்பித்தார்.

"கூரை மடிக்கு வந்துரும்னு நீங்கதான சொன்னீக? சீரோட நீங்க போங்க. மோட்டாரு சும்மா கெடக்க வேணாம், நான் அதுல வாரேன்."

முதல் நாளே வண்டி கிளம்பிவிட்டது. உக்கிரபாண்டி சீர்க்கிடாய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில் உட்கார்ந்தார். வழியெல்லாம் கிடாய் அவர் தலைப்பாகையின் முனையை மென்றுகொண்டே வந்தது. பேரையூர் எல்லையில் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. மோட்டார் டிரைவர் சின்னச்சாமி, வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கைகாட்டினான். மடித்துவிட்ட கூரையோடு மோட்டார் கடந்துபோனது. பின் சீட்டில் செல்லத்தாய். பக்கத்தில் அவள் அப்பன், கால்மேல் கால் போட்டபடி.

சீர் இறங்கியது. மேளம் கொட்டி, மாலை போட்டு, மாமனுக்கு உரிய மரியாதையை ஒன்றும் குறைவில்லாமல் செய்தார்கள். தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் உக்கிரபாண்டிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வண்டியில் வந்ததும் நல்லதுதான் என்றுகூட நினைத்தார். அப்போது காசிமாயன் வந்து அன்பாகக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒங்க மாமனாரு மோட்டாரு சோக்கா இருக்கு. ஓரமா ஒங்களுக்கும் ஒரு எடம் குடுத்திருக்கலாம்ல, மாட்டுவண்டி மச்சான்."