சிவப்பு வரிக்காக நடந்த பெரும்போர்

முப்பதாண்டு மூட்டை சுமந்த மலைத்தோளானே, முழங்கால் தேய்ந்தபின் விசைப்பலகை ஏந்திய விரல்வேலானே, குளிர்க்கிடங்கின் கணினிக் காவலனே, நின் புகழ் நீடு வாழ்க.

அம்மாவீரனின் சுழல்நாற்காலிக்கு ஆபத்து வந்த கதை இது. கிடங்கின் இருநூறு குளிரறைகளும் எவ்வளவு குளிர்ந்திருக்கின்றன என்று அவனுடைய ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைக்கோப்பு மணிக்கொரு தரம் திரையில் கொட்டும். இருநூறு வரியும் ஒரே வெள்ளை. பாற்கடலில் விழுந்த பல்லைத் தேடுவதும் அதில் சூடேறிய அறையைத் தேடுவதும் ஒன்று. முந்தின நாள் ஒரு வரி கண்ணுக்குத் தப்பியது. ஓர் அறைப் பழம் அழுகியது.

"இன்னொரு வாட்டி விட்டீங்கன்னா, அண்ணே, பழையபடி மூட்டைதான்," என்று மேற்பார்வையாளர் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் உறுத்தியது.

சூளுரைத்தான் சினவேங்கை: "கெட்ட வரி இனிக் குருதிச் சிவப்பில் வரும், வராவிட்டால் நானே போய் மூட்டை தூக்குவேன்." கட்டளை தட்டும் டெர்மினலில் சிவப்புக்கென்று மாறி எனும் பெயர்ப்பெட்டி ஒன்றைப் படைத்து, செந்நிறம் அழைக்கும் குறிகளை அதன் வயிற்றில் இட்டு, கெட்ட வரிக்கு முன்னால் அதைப் பூசும்படி ஸ்கிரிப்டுக்கும் ஆணை எழுதி, மதயானை மத்தகத்தில் வேல் பாய்ச்சினாற்போல் எண்டரைக் குத்தினான். ஓடின இருநூறும், வெள்ளைவெளேரென்று. மறுபடி குத்தினான்; மறுபடி வெள்ளை.

கணினி வேலையிலிருக்கும் மகளுக்குப் போன் பறந்தது. அவள் சிரித்து முடிக்கும்வரை வீரன் பொறுத்தான்.

"வீட்டுக்குள்ள முணுமுணுத்தா தெருவுக்குக் கேக்குமாப்பா? டெர்மினல்ல வச்சது ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. மாறிக்கு முன்னாடி எக்ஸ்போர்ட்னு போடுங்க, அப்பத்தான் வெளிய கேக்கும்."

அந்த ஒற்றைச்சொல் அம்பை நாணேற்றி விட்டான். எழுந்தது சிவப்பு, ஆனால் ஐயகோ, எழுந்ததை அடக்கும் குறியை அவன் எழுதவே இல்லை. நடுவில் எங்கோ பற்றிய செந்தீ கீழுள்ள வரிகளையெல்லாம் நக்கி, தேதியை நக்கி, அவன் அடுத்துத் தட்டிய எழுத்தையும் நக்கித் திரை முழுதும் குருதிப்புனலாய்த் தளும்பிய அந்நேரம் பார்த்தா மேற்பார்வையாளர் உள்ளே வரவேண்டும். கண்டார், நெஞ்சைப் பிடித்தார், அத்தனை அறையும் போயிற்றென்று அலற, மூட்டைகளைப் போட்டது போட்டபடி நாற்பது பேர், புற்றுடைந்த ஈசல்போல் நாலாபக்கமும் சிதறி ஓடினார்கள்.

"நில்லுங்க தம்பி. ஒண்ணுதான் நெசம், மிச்சமெல்லாம் ஒட்டிக்கிட்டது," என்றான் காவலன், நெற்றி வியர்க்க, குளிர்க்கிடங்கில். நிறத்தை இயல்புக்குத் திருப்பும் குறிக்கென்றும் ஒரு மாறி படைத்து, இம்முறை மறவாமல் எக்ஸ்போர்ட்டும் சேர்த்து, வரியின் வாலில் அதைக் கட்டி, இறுதி அடியாய் எண்டரை அறைந்தான். வெண்படை நடுவே விழுப்புண்பட்ட ஒரே வீரனாய்ச் சிவந்து நின்றது நூற்றுப் பதினேழாம் அறை.

மேற்பார்வையாளர் திரையைப் பார்த்தார், நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். "உக்காருங்கண்ணே. இங்கயே இருங்க."

நூற்றுப் பதினேழாம் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்தது. ஒருவர் போய்ச் சாத்தினார்.