பாதி யானையில் தீர்ந்த பன்

பிள்ளைக்கு ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுக்கும் முன் அப்பன்காரனுக்கு ஒரு நுழைவுத் தேர்வு வைக்க வேண்டும். வைத்திருந்தால் தொண்ணூறுகளில் நான் முதல் கேள்வியிலேயே ஃபெயிலாகி, குடும்பம் தப்பித்திருக்கும்.

அப்போது ஊரப்பாக்கத்தில் குடியிருந்தோம். தாம்பரத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் யு.கே.ஜி. ஸீட் கிடைக்காவிட்டால் மகள் ரம்யாவின் வாழ்க்கையே பாழ் என்று நம்பினேன். (அவள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள்.) இன்டர்வியூவில் ஸ்பெல்லிங் கேட்பார்களாம். ரம்யாவோ ஸ்பெல்லிங்கும் சொல்ல மாட்டாள், சோறும் தின்ன மாட்டாள். இரண்டையும் ஒன்றாக்கினேன். ஒரு எழுத்து சொன்னால் ஒரு வாய். 'எலிஃபென்ட்' முடிவதற்குள் கிண்ணம் காலியாகிவிடும்.

என் மனைவி விமலா மட்டும், "ஸ்கூல்ல யாருங்க ஊட்டுவா?" என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்டர்வியூ அன்று தலைமை ஆசிரியை சிரித்தபடி பூனைக்கு, அதாவது 'கேட்'டுக்கு, ஸ்பெல்லிங் கேட்டார். ரம்யா கணீரென்று "சி" என்றாள். பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"தொண்டையில ஏதாவது ட்ரபிளா?"

"இல்ல மேடம், வந்து... ஒரு வாய் ஊட்டினா அடுத்த எழுத்து வரும்."

விமலா சுவரிலிருந்த மேப்பில் ஏதோ ஊரைத் தேடத் தொடங்கினாள்.

வாசலில் நின்ற ஆயாதான் மனமிரங்கினார். "கொயந்த பசியில கீதும்மா. என்னாண்ட பன்னு கீது, குடுக்கட்டா?"

பன்னைப் பிய்த்து ஊட்டினேன். கேட் வந்தது. டாக் வந்தது. தலைமை ஆசிரியையின் முகம்கூட இளகியது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"மேடம், எலிஃபென்ட் கேளுங்க."

பாதி யானையில் பன் தீர்ந்துவிட்டது. "பி" என்று சொல்லித் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. வேறு வழியில்லாமல் வெறும் கையைக் குவித்து நீட்டினேன். ரம்யா கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அப்பா ஏமாத்துறாரு" என்று ஓவென அழத் தொடங்கினாள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் சார். சாப்பிட வெச்சு கூட்டிட்டு வாங்க."

திரும்பும் ரயிலில் விமலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தையின் எதிர்காலத்தை என் கையாலேயே ஊட்டிக் கெடுத்துவிட்டேனே என்று மனம் உடைந்து உட்கார்ந்திருந்தேன். எதிர்காலம் என் மடியில் உட்கார்ந்து இன்னொரு பன் கேட்டது.

ரம்யா வேறொரு பள்ளியில் படித்து நன்றாகத்தான் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் பிரிவுபசார விழா. நன்றி சொல்ல எழுந்தவனுக்குப் பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தபடி நின்றேன், வார்த்தை வரவில்லை. கூட்டமே கண்கலங்கிய அந்த நேரத்தில் முன்வரிசையிலிருந்து ரம்யாவின் குரல் வந்தது:

"பன்னு தீந்துபோச்சாப்பா?"