நான் மொழிபெயர்த்த பெற்றோர் கூட்டம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லும்போது, சுருக்கம் தெரியாமல் கொஞ்சம் இஸ்திரி போட்டுவிடுவேன். மனசு நோகக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணம் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

அப்போது தாம்பரத்தைத் தாண்டி ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தற்காலிக வேலை. நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதல்வர் முடிவு செய்ய வேண்டிய மாதம் அது. அதே மாதத்தில் மலேசியாவிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தின் தர மதிப்பீட்டாளர் வருவதாகக் கடிதம் வந்தது. அவர் பார்த்துத் திருப்தி என்று எழுதினால், எங்கள் பட்டத்தை அங்கே ஏற்றுக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகள் நேராகப் போய் மேற்படிப்பில் சேரலாம்.

கல்லூரியே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மரங்களுக்குக்கூடச் சுண்ணாம்பு அடித்தார்கள். முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"அவரு பேரன்ட்ஸைப் பாக்கணும்ங்கறார்மா. நீதான் இன்டர்ப்ரெட்டர். அவங்க பேசறதை நல்லபடியா மொழிபெயர்க்கணும். 'நல்லபடியா.' புரியுதா?"

புரிந்தது. (இல்லாவிட்டால் எட்டு மாதம் தாக்குப்பிடித்திருப்பேனா?)

வந்தவர் பேராசிரியர் லிம். சீனர், ஒல்லியான மனிதர், அறுபதை நெருங்கியவர். காலையெல்லாம் ஆங்கிலத்தில் ரெண்டு வார்த்தை கேட்பார், குறித்துக்கொள்வார். சிரிக்கவே இல்லை. மதியம் பெற்றோர் கூட்டம். நான் புதுப் பட்டுப்புடவையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே முதல்வர்.

முதலில் எழுந்தவர் படப்பைக்காரர் ஒருவர். நிலபுலன் உள்ளவர், மீசையிலேயே அது தெரிந்தது.

"லைப்ரரி எப்பப் பாத்தாலும் பூட்டித்தான் கீது சார். கேட்டா சாவி காணம்ங்கறாங்க."

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் லிம்மைப் பார்த்து, "நூலகத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகள் இவருக்கு முழுத் திருப்தி அளிக்கின்றன" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். லிம் தலையைக் குனிந்து எழுதினார்.

அடுத்து எழுந்தவர் கன்னியம்மா. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்திலிருந்து வந்தவர், மீன் விற்பவர். மகள் மல்லிகா எங்களிடம் வேதியியல் படித்தாள்.

"லேப்புல தண்ணியே வர்றதில்ல சார். எம்பொண்ணு வூட்லேர்ந்து பாட்டில்ல எட்துகினு வர்றா."

"மாணவிகள் ஆய்வகத்துக்கு வீட்டிலிருந்தே ஆர்வத்தைக் கொண்டு வருகிறார்கள் என்கிறார்."

முதல்வர் முகம் மலர்ந்தது. எனக்கு வேலை நிரந்தரமாகிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். அந்தத் தெம்பில் கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தேன். கன்னியம்மா உட்காரவில்லை.

"இன்னொண்ணு சார். இங்லீசுக்குப் புச்சா ஒரு மேடம் வந்துகீதாம். கிளாஸ்ல ஜன்னலைப் பாத்துக்கினே பாடம் நடத்துதாம். புள்ளைங்க மூஞ்சிய நிமிந்துகூடப் பாக்காதாம். ஜன்னலா சார் பரீச்ச எழுதப் போவுது?"

அந்த மேடம் யாரென்று கன்னியம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். (பயம்தான் காரணம். அறுபது பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.) காது சுட்டது. இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

"ஆங்கிலத் துறைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அவருடைய பார்வை மிகவும் விசாலமானது என்கிறார்."

லிம்மின் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்துத் தண்ணீரை நீட்டினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தையும் புடவையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கன்னியம்மாவிடம் கேட்டார்:

"ஏம்மா, அந்த டீச்சர் பட்டுச்சேல கட்டுவாங்களா?"

தமிழில்!

கூடத்தில் எழுந்த சிரிப்பில் கூரையே அதிர்ந்தது. முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு மேசைக்கு அடியில் போய் மிச்ச வாழ்நாளைக் கழித்துவிடலாமா என்றிருந்தது.

"நான் ரப்பர் தோட்டத்துல வளந்தவன் லா" என்றார் லிம் என்னிடம், மலேசியப் பேச்சின் இழுவையோடு. "சுத்தி எல்லாம் தமிழாளுங்க. உங்க மொழிபெயர்ப்பு அவ்வளவு நல்லா இருந்துச்சு, நிறுத்த மனசு வரல." பிறகு கன்னியம்மா பக்கம் திரும்பினார். "இவ்வளவு குறை இருக்கே, அப்புறம் ஏம்மா பொண்ண இங்க அனுப்புறீங்க?"

கன்னியம்மா யோசிக்கவே இல்லை. "எங்க குப்பத்துல காலேஜிக்குப் போற மொத பொண்ணு அது சார். ரெண்டு பஸ்சு மாறி வருது. ஜொரம் அடிச்சாலும் லீவு போடாது. புடிக்காத எடத்துக்கு யார்னா அப்டி ஓடுவாங்களா? தண்ணி வுடச் சொல்லுங்க, சாவியத் தேடச் சொல்லுங்க. அவ்ளோதான்."

லிம் என்னைப் பார்த்தார். "என் அறிக்கைக்கு இது ஆங்கிலத்துல வேணும். சொல்லுங்க."

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் முழுவதையும் எழுதிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஒப்புதல்! ஆறு மாதத்துக்குள் தண்ணீரும் நூலகமும் சரியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. கடைசியில் ஒரு வரி: 'மொழிபெயர்ப்பு வசதி: கற்பனை வளம் மிக்கது.' முதல்வர் அதை ஆசிரியர் கூட்டத்தில் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் அவரே சிரித்துவிட்டார். என்னை வேலையில் வைத்துக்கொண்டார். தண்டனையாக, குழாய் வேலையையும் நூலகத்தையும் என் தலையில் கட்டினார்.

கன்னியம்மா கூட்டம் முடிந்த மறுவாரமே வாழை இலையில் சுற்றிய வஞ்சிரத்தோடு வந்து நின்றார். "நீதான் அதுன்னு தெர்லம்மா, தப்பா நெனச்சுக்காத" என்றவர், வாசல் வரை போய்த் திரும்பி, "ஆனா ஜன்னலைப் பாக்காத" என்றார். அன்றிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துத்தான் பாடம் நடத்தினேன். முதலில் பார்த்த முகம் மல்லிகாவுடையது. மூன்று வருடம் கழித்து அவளை மீனம்பாக்கத்தில் மலேசியாவுக்கு விமானம் ஏற்றிவிட்டபோது, அவள் அம்மாவும் நானும் போட்டி போட்டு அழுதோம்.

அன்று கூடத்தில் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்த வணிகவியல் விரிவுரையாளர்தான் பிற்பாடு என் கணவர். அதனால் கதை ஒரு எழுத்து விடாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. போன பொங்கலுக்கு என் நாத்தனார் வைத்த சாம்பாரைச் சாப்பிட்ட அவர், "உப்பு கரிக்குதே" என்றார். நாத்தனார் முகம் வாடியது. நான் உடனே, "உங்க அண்ணா என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தேன்.

என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"விடும்மா. அத்தைக்குத் தமிழ் தெரியும்."