இன்சூரன்ஸ்காரரின் காரையே இடித்த வெள்ளிக்கிழமை

பதினெட்டு வயதுப் பையனைப் பெற்றவள் நம்புவாள். வாத்தியார்கூட அரை மனதாக நம்புவார். இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும் நம்பாது. ஷார்ஜாவில் நான் லைசென்ஸ் வாங்கிய வாரத்தில் இந்த உண்மை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அட்டை கைக்கு வந்ததும் ஊரே ஒதுங்கி வழிவிடும் என்று நினைத்திருந்தேன். (அப்போது நான் மீசை என்று சொல்லிக்கொண்டிருந்தது லைசென்ஸ் போட்டோவில் விழவே இல்லை.)

அப்பா எழுதுபொருள் கம்பெனி ஒன்றில் சேல்ஸ்மேன். நோட்டு, பேனா, ஸ்டேப்ளர் எல்லாவற்றிலும் சாம்பிள் எடுத்து டிக்கியில் போட்டுக்கொண்டு, ராசல்கைமா வரை கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கார் அவருடைய சொந்தக் கார். அந்த வருஷம் அவருக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. சில மாதங்களுக்கு ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். முதலாளி நல்ல மனிதர்தான். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னார். அடுத்த மாதமும் ரூட்டுக்குப் போகாவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். வேலை போனால் விசா போகும். விசா போனால் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஆகவே வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நான் ஓட்டுவேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்து ஆர்டர் எடுப்பார். காரின் இன்சூரன்ஸ் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. அதில் அப்பா மட்டுமே ஓட்டலாம். புதிதாகப் போடும் இன்சூரன்ஸில் என் பெயரும் சேர்ந்தால்தான் நான் ரோட்டில் இறங்க முடியும்.

அப்பாவும் நானும் ஆபீஸ் ஆபீஸாக ஏறினோம். ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டோடு அப்பா, பக்கத்தில் மீசையில்லாமல் நான். எங்களைப் பார்த்ததுமே பாதிப் பேருக்குப் பதில் தயாராகிவிட்டது. ஒரு இடத்தில் கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கி ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கம்பெனி மட்டும் எங்களுக்குக் கட்டுப்படியாகிற தொகையில் தர முன்வந்தது. அவர்கள் போட்ட நிபந்தனையும் ஒன்றுதான்: காரை நான் ஓட்டக் கூடாது.

அப்போதுதான் அண்ணாச்சி ஞாபகம் வந்தது. அவர் எங்கள் திருநெல்வேலிக்காரர், வேறொரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஏஜென்ட். ஷார்ஜாவில் பாதித் தமிழர்களின் கார்கள் அவர் கையெழுத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காரியம் ஆக வேண்டியவரிடம் எடுத்தவுடன் காரியத்தைப் பேச மாட்டோம். முதலில் சோறு போடுவோம். அம்மா வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு, சீலா மீன் வறுவல், பாயசம் என்று தூள் கிளப்பினாள். அண்ணாச்சி இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டபோது அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிக் காரியம் முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அப்பா மெல்ல விஷயத்தை எடுத்தார். அண்ணாச்சி கையைக் கழுவிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏல, உனக்கு ஓட்டத் தெரியுமா? இல்ல, லைசென்ஸ் மட்டுந்தான் வச்சிருக்கியா?"

"நல்லா ஓட்டுவேன் அண்ணாச்சி."

"அப்ப வா, கீழ மண்ணுல ஒரு ரவுண்டு போவோம். ரோட்டுக்கெல்லாம் போவாண்டாம். நான் கண்ணால பாத்தாத்தான் மேனேஜர்ட்ட தைரியமாச் சொல்ல முடியும். பாயசத்த வந்து குடிக்கேன், தங்கச்சி."

எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் பெரிய மணல் மைதானம் இருந்தது. கட்டிடத்துக் கார்களெல்லாம் கோடும் கணக்கும் இல்லாமல் அங்கேதான் நிற்கும். நான் அவ்வளவு பயபக்தியோடு ஓட்டினேன். ஆளே இல்லாத மணலில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இண்டிகேட்டர் போட்டேன். எதிரே வந்த பூனைக்கு நின்று வழிவிட்டேன். "பரவால்லியே" என்றார் அண்ணாச்சி. அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. மேலே பார்த்தால் மூன்றாவது மாடி பால்கனியில் அம்மா நின்றாள், அக்கம்பக்கத்து பால்கனிகளிலும் ஆட்கள். கியரை ரிவர்ஸில் போட்டு, அப்பா செய்வதுபோல முழங்கையை ஜன்னலில் ஊன்றி, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றினேன். (கண்ணாடியைப் பார்த்தேன். அதில் என் முகம் மட்டும் தெரியும்படி திருப்பி வைத்திருந்தேன்.)

சத்தம் பெரிதாக இல்லை. தகர டப்பாவை யாரோ மிதித்ததுபோல இருந்தது.

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. நேரே பார்த்தபடியே கேட்டார்.

"ஏல, பின்னால நிக்கது என்ன கலரு?"

"வெள்ள, அண்ணாச்சி."

"புதுசா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப என் காருதான்."

அது அவருடைய கார்கூட இல்லை, அவருக்குக் கம்பெனி கொடுத்த கார். உலகத்தில் எத்தனையோ கார்கள் இருக்க, நான் தேடிப் போய் இடித்தது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் காரை. அந்த ஊரில் போலீஸ் சீட்டு இல்லாமல் எந்த ஒர்க்ஷாப்பிலும் ஒரு சின்ன நசுங்கலைக்கூடத் தொட மாட்டார்கள். அண்ணாச்சியே போன் போட்டார்.

வந்த போலீஸ்காரர் இளைஞர், மரியாதையானவர். எல்லோருக்கும் சலாம் சொன்னார். இரண்டு கார்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே எல்லோருக்கும் பொதுவான ஹிந்தியில் கேட்டார்.

"கோன் காடி சலாயா?"

யார் ஓட்டினது என்ற அந்தக் கேள்விக்கு, இடுப்பில் கட்டிய சாரத்தோடு கீழே ஓடி வந்திருந்த அப்பா மூச்சு வாங்கக்கூட நிற்காமல், நான்தான் ஓட்டினேன் என்று பதில் சொன்னார்.

"மே சலாயா, சாப்."

போலீஸ்காரர் அப்பாவின் கண்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா இன்னொரு கண்ணைத் தொட்டுக் காட்டி, "யே டீக் ஹை, சாப்" என்றார், இது நன்றாகத் தெரிகிறது என்று. கட்டுப் போட்ட கண்ணோடு ஓட்டியது இன்னும் பெரிய கேஸாகிவிடும் என்று பயந்து அண்ணாச்சி குறுக்கே விழுந்தார்.

"நஹி சாப், மே சலாயா."

"இந்த வெள்ளைக் கார் யாருடையது?"

"என்னோடது, சாப்."

"நீ இவருடைய காரை ஓட்டி, உன்னுடைய காரையே இடித்தாயா?"

"ஹாம், சாப்" என்றார் அண்ணாச்சி, பெரிய சாதனைபோல.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். கையில் பாயசக் கரண்டி. அம்மாவுக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறிக் கடையோடு சரி. கார் ஓட்டுவது இருக்கட்டும், காரில் ஜன்னல் கண்ணாடியை இறக்கக்கூட அவளுக்குத் தெரியாது. யாராவது ஒருவர் பழியை ஏற்க வேண்டும் என்பது மட்டும் புரிந்திருக்கிறது. கரண்டியை உயர்த்தி, "மே சலாயா, சாப்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எனக்காக மூன்று பெரியவர்கள் வரிசையில் நின்று பொய் சொல்கிறார்கள், நான் நடுவில் மரம்போல நிற்கிறேன். லைசென்ஸை எடுத்து நீட்டினேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. போலீஸ்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, லைசென்ஸில் தேதியைப் பார்த்தார். ஒரு சிரிப்பும் இல்லாமல் "மப்ரூக்" என்று எனக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு, தப்பு செய்தவனுக்குக் கொடுக்கும் சிவப்புச் சீட்டை என் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா காரில் சாய்ந்துகொண்டு, "சரி, பெட்டியக் கட்ட வேண்டியதுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அத்தனை பால்கனிகளும் பார்த்துக்கொண்டிருக்க, லைசென்ஸ் வைத்திருக்கும் ஆண்மகனாகிய நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

அண்ணாச்சி நசுங்கிய கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் வந்தார்.

"என்னத்துக்குப் பெட்டி? நாளைக்கு ஆபீசுக்கு வா, இவன் பேரையும் சேத்து எழுதித் தாரேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்கு என்னத்துக்குக் கெட்ட பேரு?"

"ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னுட்டேன்டே. இனி எந்த வாயால இல்லேன்னு சொல்ல? மேனேஜர் கேட்டா, பக்கத்துல இருந்து பாத்தேன், பொய் சொல்லாத பையன்னு சொல்லுதேன்."

"எப்படி ஓட்டுனான்னு கேட்டா?"

"அது கேக்கும்போது பாத்துக்கிடலாம். தங்கச்சி, பாயசத்தக் கொண்டா."

சொன்னபடி இன்சூரன்ஸ் வந்தது, எங்களுக்குக் கட்டுப்படியாகிற தொகையில். அடுத்த மாதத்திலிருந்து, தண்ணீர் லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போக, அப்பாவை ராசல்கைமா வரை கூட்டிப் போனேன். அவர் ஆர்டர் எடுத்தார். வேலை நிலைத்தது. கண் தேறி ஸ்டியரிங்கைத் திரும்பப் பிடித்த பிறகு, ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒருமுறை கனைப்பார். அண்ணாச்சி அதற்கப்புறமும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார், டாக்சியில்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என்ன உடைந்தாலும், யாராவது கேட்பதற்குள் எல்லோரும் முந்திக்கொண்டு "மே சலாயா, சாப்" என்று கத்துவோம். என் மனைவி கல்யாணமான புதிதில் மிரண்டு போனாள். இப்போது அவளுக்கும் பழகிவிட்டது. அப்பா இப்போது பாளையங்கோட்டையில் எங்களோடு இருக்கிறார். இரண்டு கண்ணும் சுத்தமாகத் தெரிவதில்லை. போன வாரம் என் மகள் அடுக்களையில் ஒரு கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டாள். உடைந்தது என்னவென்றோ, உடைத்தது யாரென்றோ அப்பாவுக்குத் தெரிய வழியில்லை. உள்ளறையிலிருந்து அவர் குரல்தான் முதலில் வந்தது.

"மே சலாயா, சாப்."