வண்டிக்கு முன்னால் நடந்தவர்

காலை எட்டேகாலுக்குக் கிளம்ப வேண்டிய வாசுதேவநல்லூர் வண்டி எட்டு இருபதுக்கும் நின்றுகொண்டிருந்தது. டைம் கீப்பர் சண்முகையா, சீனியம்மாளின் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்த டிரைவர் பிச்சையாவிடம் போனார். குரலைத் தாழ்த்தி, "வண்டியை எடுங்க" என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

சண்முகையா இன்னும் தாழ்த்தினார். "வண்டியை எடுங்க."

பிச்சையா வடையைக் கீழே வைத்தார். "ஐயோ! யாரு அண்ணாச்சி?"

"யாருன்னா?"

"யாரு தவறிட்டா? இம்புட்டு மெதுவாச் சொல்லுதீங்களே!"

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் சாவுச் செய்தியைத் தவிர வேறு எதையும் யாரும் மெதுவாகச் சொன்னதில்லை. ஐந்து நிமிடத்தில் சண்முகையாவைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. செத்தது யாரென்று தெரியாமலே ஒரு அம்மாள் அழத் தொடங்கினாள். வண்டி எட்டே முக்காலுக்குக் கிளம்பியது.

'தலைவன் குரலை உயர்த்துவதில்லை, தாழ்த்துகிறான். கேட்பவர்கள் நெருங்கி வருவார்கள்' என்று புத்தகத்தில் இருந்தது. நெருங்கித்தான் வந்தார்கள். அதுவரை ஆசிரியர் சொன்னது சரி.

அது கிளை நூலகத்துப் புத்தகம். தலைவன் ஆவதற்குப் பன்னிரண்டு படிகள். பின்னட்டையில் ஆசிரியர் கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தால் அவரிடம் யாரும் வடை தின்றுவிட்டு வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள் என்று சண்முகையாவுக்குத் தோன்றியது.

டிராஃபிக் மேனேஜர் பிரபுதாஸ் போன வாரம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முப்பது ஸ்பெஷல் வண்டி வருதுவே. இருக்கிற ஒன்பதையே நேரத்துக்கு அதட்டி அனுப்ப உமக்கு வாய் வரல. தபசுக்கு முன்னால ஒருநாளாவது ஒன்பதும் நேரத்துக்குக் கிளம்பணும். இல்லைன்னா உம்மை டயர் குடோனுக்கு மாத்திருதேன். டயர் எதுத்துப் பேசாது."

பதினோரு வருஷமாகச் சண்முகையா விசில் ஊதிய பிறகுதான் ஒவ்வொரு வண்டியும் கிளம்புகிறது. எவ்வளவு பிறகு என்பது வேறு விஷயம். குடோனில் விசிலுக்கு வேலை கிடையாது.

ஆகவே அவர் அடுத்த படிக்கு ஏறினார். 'தவறு செய்தவனைத் திட்டாதே. இமைக்காமல் அவன் கண்களைப் பார்.'

கண்டக்டர் ஜெயசிங் பத்து நிமிடம் தாமதமாக வந்தான். சண்முகையா அவனை இமைக்காமல் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. அப்படியும் பார்த்தார்.

"அண்ணாச்சி, அசையாதீங்க! தூசி விழுந்திருக்கு!" ஜெயசிங் அவர் தலையைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணில் பலமாக ஊதினான். வெற்றிலைபாக்கு போட்ட வாய். பிறகு உண்மையிலேயே தூசி விழுந்துவிட்டது. சீனியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து முகத்தைக் கழுவிவிட்டாள். ராஜபாளையம் வண்டி இருபத்தைந்து நிமிடம் தாமதம்.

'குறையைச் சொல்லாதே. நிறையைப் பாராட்டு' என்றது அடுத்த படி. பிச்சையாவிடம் நிறை தேட இரண்டு நாள் ஆயிற்று.

"பிச்சையா, முன்கண்ணாடியை நீங்க துடைக்கிற மாதிரி யாரும் துடைக்க முடியாது."

பிச்சையா வெட்கப்பட்டார். பதினெட்டு வருஷ சர்வீஸில் அவரை ஒருவரும் பாராட்டியதில்லை. முன்கண்ணாடியை மறுபடி துடைத்தார். பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பிரயாணிகளை இறக்கிவிட்டு ஜன்னல்களைத் துடைத்தார். கடைசியில் ஒரு பிரயாணியின் மூக்குக் கண்ணாடியையும் வாங்கித் துடைத்தார்.

தாமதம் நாற்பது நிமிடம்.

சண்முகையா ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. தான்தான் சரியாக ஏறவில்லை என்று நினைத்தார். ஆறாம் படியை மூன்று தடவை படித்தார். 'தலைவன் பின்னால் நின்று தள்ளுவதில்லை. முன்னால் நடக்கிறான்.'

மறுநாள் வாசுதேவநல்லூர் வண்டிக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, அவர் நடந்தார்.

பிச்சையா முதல் கியரில் பின்னால் வந்தார். ஹார்ன் அடித்துப் பார்த்தார். தலைவன் திரும்பவில்லை. கடைத்தெருவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் மரியாதைக்குக் கதவைப் பாதி சாத்தினார். இரண்டு பிரயாணிகள் இறங்கி, டீ குடித்துவிட்டு, நிதானமாக நடந்து வந்து அதே வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

வண்டிக்குப் பின்னால் சிக்கிக்கொண்ட ஜீப்பிலிருந்து பிரபுதாஸ் இறங்கி ஓடிவந்தார்.

"என்னவே இது?"

"வழிநடத்துதேன் சார்" என்றார் சண்முகையா, முதல் படியை மறக்காமல், மெதுவாக.

பிரபுதாஸ் தொப்பியைக் கழற்றினார். "யாருவே செத்தது?"

விஷயம் தெரிந்ததும் தொப்பியை மறுபடி போட்டார். "சனிக்கிழமை வாரேன். அதான் உமக்குக் கடைசி. டயரெல்லாம் உமக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

பாக்கி இருந்தது இரண்டே நாள். வியாழக்கிழமை காலையில் சண்முகையா அடுக்களையில் உட்கார்ந்தார். 'தொண்டர்கள் எதிரே இருப்பதாக எண்ணிப் பேசிப் பழகு' என்பது ஏழாம் படி. ஒன்பது பாத்திரங்களை வரிசையாக வைத்தார். இட்லிக் கொப்பரை பிச்சையா. செம்பு ஜெயசிங்.

"ஜெயசிங், உன் சிரிப்புதான் என் பலம்" என்று செம்பின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மாவுச் சட்டியோடு வந்த மனைவி முப்பிடாதியம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, அந்தக் கொப்பரையைத் தாங்க. இட்லி ஊத்தணும்."

"சத்தம் போடாதட்டி. பிச்சையா முகம் வாடியிருக்கு."

முப்பிடாதியம்மாள் மாவுச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். அன்று அந்த வீட்டில் இட்லி இல்லை.

சனிக்கிழமை பிரபுதாஸ் கடிகாரத்தோடு வந்து நின்றார்.

எட்டு பத்துக்கே பிச்சையா சீட்டில் இருந்தார். சண்முகையா வாயைத் திறப்பதற்குள், "எடுக்கேன் அண்ணாச்சி. நீங்க சொன்னா மறுபேச்சு உண்டா?" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. சரியாக எட்டேகாலுக்கு வண்டி நகர்ந்தது. ஜெயசிங் எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தான். "வெயில்ல நிக்காதீங்க அண்ணாச்சி" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தான். சண்முகையா ஒரு டிரைவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவர் வண்டியை விட்டு இறங்கிவந்து, அண்ணாச்சியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, ஓடிப்போய் வண்டியை எடுத்தார்.

ஒன்பது வண்டியும் ஒரு நிமிடம் பிசகாமல் கிளம்பின.

பிரபுதாஸ் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்னமோ செஞ்சிருக்கேருவே! தபசு ஸ்பெஷலும் நீரே பாரும். செவ்வாக்கிழமை காலையில திருநெல்வேலியிலிருந்து பெரிய ஆபீசரைக் கூட்டிட்டு வாரேன். அவரும் இந்தக் காட்சியைப் பார்க்கட்டும்."

ஜீப் போன பிறகு சண்முகையா சீனியம்மாளின் பெஞ்சில் உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு பேனா இருந்தாக் கொடு சீனியம்மா. இதை எழுதினவருக்கு நன்றி எழுதணும். இவரு சொன்னபடி நடந்தேன். பாரு, எல்லாப் பயலும் என் பேச்சைக் கேக்கான்."

சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே டீயில் இன்னொரு கரண்டி சீனி போட்டாள்.

"எழுதுங்க அண்ணாச்சி, நல்லா எழுதுங்க. செவ்வாக்கிழமை வரைக்கும் நீங்க என்ன சொன்னாலும் தலையாட்டுங்கன்னு முப்பிடாதி அக்கா ஒவ்வொரு டிரைவர் கையையும் பிடிச்சு அழுதுட்டுப் போயிருக்கு. அன்னைக்குக் காலையில உங்களுக்குக் கிறுக்குத் தெளிய அம்மன் சன்னதிச் சக்கரக் குழியில உக்கார வைக்கப் போறோம், கூட நிக்கதுக்கு டிரைவர் கண்டக்டர் அம்புட்டுப் பேரும் லீவு சொல்லியாச்சு, ஒரு வண்டியும் கிளம்பாது."