சைக்கிள் பாதைக்காக நான் விழுந்த விவரம்

அன்பு மச்சான் லாக்சனுக்கு,

சிம்பலாங்கா சந்தையிலிருந்து உன் அக்காள் புருஷன் வெட்சன் மலுங்கா எழுதுவது. இங்கே ஏரிக்காற்றும், உன் அக்காள் எலினெட்டி மாவுருண்டை பொரித்து விற்கும் மண்டாசிக் கடையும், என் மூட்டுவலியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கின்றன. பிளாண்டயரில் நீயும் பிள்ளைகளும் அதேபோல, மூட்டுவலி மட்டும் இல்லாமல், சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

என்னை லாரி அடித்துவிட்டது என்று உனக்கு யாராவது போன் செய்திருப்பார்கள். நம்பாதே. லாரி என்னைத் தொடக்கூட இல்லை. நான் சைக்கிளிலிருந்துதான் விழுந்தேன். இடது கை மட்டும் கட்டுப்போட்டுத் தொங்குகிறது. வாழ்நாள் முழுக்க மினிபஸ் ஓட்டி ஓய்வுபெற்றவனுக்கு இந்த வயதில் சைக்கிள் எதற்கு என்று நீ கேட்பாய். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

போன மழையில் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஃபாலெஸ் சைக்கிள் டாக்சியில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார். தார்ச்சாலையின் ஓரம் அரித்துப்போய் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகக் கிடக்கிறதல்லவா, பின்னால் வந்த வண்டிக்கு ஒதுங்கிய சைக்கிள் அதில் இறங்கிவிட்டது, ஆசிரியைக்கு இடுப்பு எலும்பு போயிற்று. அதிலிருந்து டிரைவர்களும் சைக்கிள்காரர்களும் ஒருவரை ஒருவர் கண்டாலே முறைத்துக்கொள்ள, விஷயம் அடிதடியில் முடிந்துவிடும் என்று பயந்து, சாலையைச் சீர்செய்யத் திட்டம் போட மாவட்ட ஆபீஸிலிருந்து தியாமிகே என்று ஒரு எஞ்சினியரம்மாவை அனுப்பிவைத்தார்கள். அவர் இரண்டு தரப்பையும் சர்ச் கூடத்துக்கு அழைத்தார். ஓடுகிற டிரைவர்களுக்கு உட்கார நேரமில்லை என்று அவர்கள் சார்பில் என்னை அனுப்பினார்கள். சைக்கிள்காரர்கள் சார்பில் அவர்கள் தலைவர் கிரெஷம் வந்தார்.

“பின்னால ஒரு வெளக்கு கெடையாது, செவப்பா மின்னுற வில்லை ஒண்ணு கெடையாது. நாங்க என்ன, மோப்பம் புடிச்சா வண்டி ஓட்டுறது?” என்று நான் ஆரம்பித்தேன்.

“ஹாரன் அடிச்சே எங்கள பள்ளத்துல தள்ளுறீங்க. வெளக்கு வச்சிருந்தா மட்டும் பறந்தா போயிருவோம், அண்ணே?” என்றார் கிரெஷம்.

எஞ்சினியரம்மா பேச்சை மாற்றுவதற்காக, வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கடைக்காரர்களையும் சேர்த்து, வேகத்தடை எங்கெங்கே வேண்டும் என்று பொதுவாகக் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. வண்டி மெதுவாகப் போனால் வியாபாரம் ஆகும் என்று கறிக்கடைக்காரர், தக்காளிக்காரி, போன் பழுது பார்க்கிறவர் எல்லாரும் தங்கள் கடைக்கு நேரே ஒன்று வேண்டும் என்று எழுந்து நின்றார்கள். கடைசியில் சவப்பெட்டி செய்யும் லாபனும் கையைத் தூக்கினார்.

“உங்க கடையில என்னத்த வாங்கப்போறாங்க?” என்று எஞ்சினியரம்மா கேட்டார்.

“வாங்க வேணாம்மா. பாத்துட்டுப் போனாப் போதும். அப்புறம் தானா மெதுவா ஓட்டுவாங்க.”

அன்று எழுதிக்கொள்ளும்படி ஒருவர் சொன்னது அது ஒன்றுதான். எஞ்சினியரம்மா அதை எழுதிக்கொண்டு, “நாளைக்கு வெட்சன் ஐயா பின்னால ஒரு ஆள ஏத்திக்கிட்டுப் பாலம் வரைக்கும் சைக்கிள் ஓட்டட்டும். கிரெஷம் அண்ணன் மினிபஸ்ல டிரைவர் பக்கத்துல உக்காந்து போகட்டும். அதுக்கப்புறம் பேசலாம்” என்று எங்களை அனுப்பிவிட்டார்.

மறுநாள் எனக்குப் பின்னால் உட்கார சந்தையில் ஒருவரும் முன்வரவில்லை. என்னோடு பல வருஷம் கண்டக்டராக வேலை பார்த்தவனே கையெடுத்துக் கும்பிட்டான். அப்போது எலினெட்டி மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மனுஷன நம்பித்தானே உக்காந்துருக்கேன், இன்னிக்கு என்ன புதுசா?” என்று சொல்லி, குடையை விரித்துப் பிடித்தபடி ஒரு பக்கமாகக் கால் போட்டு ஏறிக்கொண்டாள். சந்தை முழுக்கக் கை தட்டிற்று. நான் நன்றாகத்தான் ஓட்டினேன். கொஞ்சம் ஆடிற்று, அது சைக்கிளின் குறை. பள்ளிக்கூடத்தைத் தாண்டுகையில், மச்சான், பின்னாலிருந்து கரும்பு ஏற்றிய ஒரு லாரி மலை மாதிரி வந்தது. காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்தான். உன் அக்காளைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் ஓரம் ஒதுங்கினேன். ஒதுங்க ஓரம் இல்லை. எலினெட்டி குடையோடு நின்றபடி இறங்கிவிட்டாள். நான் பள்ளத்தில், சைக்கிள் என்மேல்.

அன்று மாலை மங்கலில் மினிபஸ்ஸில் வந்த கிரெஷமின் பாடும் நன்றாக இல்லை. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போய், என்னைப் பார்க்க வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்தார். “அண்ணே, எங்காளுங்க கண்ணுக்கே தெரியலண்ணே. மூக்குக்கு முன்னால வந்தப்புறம்தான் அது மனுஷன்னு தெரியுது. ஜன்னல்ல தலைய நீட்டி நானே ரெண்டு பேர திட்டிட்டேன். ஒருத்தன் என் தம்பி” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து எலினெட்டியின் மண்டாசியைத் தின்றோம். அவருக்கும் எனக்கும் அதுவரை அப்படி ஒரு பழக்கம் இருந்ததில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் கட்டுப்போட்ட கையோடு எழுந்து லாரி வந்த விதத்தைச் சொன்னேன். என் கதையைக் கேட்கவென்றே வந்து பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். சாலையோரத்தை மேடாக்கிப் பாலம் வரை இருபுறமும் சைக்கிளுக்குத் தனிப் பாதை, சைக்கிள்காரர்கள் எல்லாரும் பளிச்சென்று மின்னும் மேல்சட்டை போடுவது, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை, லாபன் கடைக்கு முன்னாலும் ஒன்று என்று சண்டையில்லாமல் முடிவாயிற்று. பாதைக்கு இடம்விடக் கடைகள் பின்னால் நகர வேண்டும், அதில் முதல் கடை நம்முடையது. எலினெட்டி என்ன சொல்வாளோ என்று பயந்தேன். “நகத்திக்கிறேன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

வெளியே வரும்போது ஃபாலெஸ் ஆசிரியை கோலை ஊன்றி வந்து என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். “என் இடுப்பு ஒடிஞ்சப்ப யாருக்கும் புரியல ஐயா. உங்க கை ஒடிஞ்சப்ப எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு. பரவாயில்ல, புரிஞ்சாச் சரி” என்றார்.

உன் வீட்டுக்காரிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம். நீங்கள் எல்லாரும் எந்த வண்டியில் எங்கே போனாலும் சாயங்காலச் சாப்பாட்டுக்கு முழுசாக வீடு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
வெட்சன் மலுங்கா

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. உறை ஒட்டுவதற்கு முன்னால் படித்துப் பார்க்கச் சொன்னார், படித்தேன். லாரி எதுவும் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தது ஐஸ் விற்கிறவர். அவரும் சைக்கிளில்தான் வந்தார். வியாபாரத்துக்காக ரப்பர் ஊதலை ஒரு அமுக்கு அமுக்கினார். உன் மாமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நேரே பள்ளத்துக்குள் விட்டார். “கண்ணத் தொறங்க, கண்ணத் தொறங்க” என்று நான் கத்தியது பாலம் வரை கேட்டிருக்கும். ஃபாலெஸ் டீச்சர் பள்ளிக்கூட வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். எஞ்சினியரம்மாகூட லாரி என்ன நிறம் என்று உன் மாமாவிடம் கேட்டார். இவர் முதலில் பச்சை என்றார், பிறகு நீலம் என்றார். அந்தம்மா ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் பேனாவை மூடிவிட்டார். பள்ளம் பொய்யில்லை, டீச்சரின் இடுப்பும் பொய்யில்லை. நேற்றுதான் பாதைக்குச் சுண்ணாம்புக்கோடு போட்டிருக்கிறார்கள். தார் ஊற்றிக் காயும்வரை நீ வாயைத் திறக்காதே.