பத்து விரல் பயணம்

மனைவி என்ன சொன்னாள் என்று தெரியாமலேயே மாஸ்டர், "சரி, அப்படியே செஞ்சிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குளித்துவிட்டு வந்தவர் வழக்கம்போல வலது காதில் பஞ்சுக் குச்சியை விட்டுக் குடைந்தார். கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக் குடைவதில் அவருக்கு ஒரு சுகம். அன்று குச்சி கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. உள்ளே இருந்த குறும்பி மொத்தமும் திரண்டு, ஆழத்தில் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. வலப்பக்கத்து உலகத்துக்குக் கதவு சாத்தினாற்போல ஆயிற்று.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று தமக்குத்தாமே முனகிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தார். வலப்பக்கத்து நாற்காலியில் மனைவி. அவள் உதடுகள் அசைந்தன. எதையோ எதிர்பார்க்கிற முகம். அதற்குத்தான் அந்தச் "சரி".

என்ன சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் சங்கடம். போன மாதம் ஒரு மழை நாளில், "சாயங்காலம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று மனைவி சொன்னதற்கு "ம்" கொட்டிவிட்டு மனிதர் மறந்தே போனார். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் அவள், குளத்தில் நனைந்தது போதாதென்று தெருவிலும் நனைந்துகொண்டு வந்தாள். ஒரு வாரம் பேச்சில்லை. அதன்பிறகு பேசியபோது சட்டம் போட்டாள்.

"இந்த வீட்டுல இனிமே யாரும் ஒரு விஷயத்தை ரெண்டு தடவை சொல்லக் கூடாது, ரெண்டு தடவை கேக்கவும் கூடாது. முதல் தடவையே காது குடுத்துக் கேக்கணும். எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

சட்டம் வந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அதை உடைக்கிற தைரியம் மாஸ்டருக்கு இல்லை. அவளுடைய கோபத்தை அவர் தாங்கிக்கொள்வார். மௌனத்தைத்தான் தாங்க முடியாது. எதற்குச் சம்மதித்தோம் என்பது தானாகத் தெரிந்துவிடும், அதற்குள் காதைக் காதும் காதும் வைத்தாற்போலச் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

திங்கட்கிழமை அந்தக் கணக்கு தப்பியது. மாஸ்டருக்கு வேலை டிரைவிங் ஸ்கூலில். ஓட்டப் பழகுகிறவர் எப்போதும் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவார். அன்று ஓட்டியது ஒரு பல் டாக்டர் அம்மா.

"மாஸ்டர், அந்தக் கூம்புக்கு முன்னாடி நிறுத்தணுமா?"

"அருமையாப் போறீங்க. அப்படியே போங்க."

சிவப்புக் கூம்பு காருக்கு அடியில் போய்ப் பத்தடி தூரம் கூடவே வந்தது. மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார்.

"ரெண்டு தடவை கேட்டேன் மாஸ்டர்," என்றார் டாக்டர், அவர் முகத்துக்கு நேரே வந்து. "காதுல குச்சி விட்டீங்களா?"

"லேசா."

"லேசா விட்டதுக்கே கூம்பு போச்சு. நான் பல்லு பாக்கறவ, காது என் எல்லையில்ல. முதல்ல மருந்துக் கடையில கேளுங்க."

தெருமுனை மருந்துக் கடையில் இருந்த பெண்மணி சிரிக்காமல் விசாரிப்பவர்.

"வலி, சீழ், ரத்தம் ஏதாவது உண்டா? செவிப்பறையில ஓட்டைன்னு எப்பவாவது சொல்லியிருக்காங்களா?"

"அதெல்லாம் எதுவும் இல்லம்மா. சத்தம்தான் இல்ல."

"அப்ப வீட்டுலயே பாத்துக்கலாம். இனிமே குச்சி, ஊக்கு, சாவி எதுவும் காதுக்குள்ள போகக் கூடாது."

மாஸ்டர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த கார்ச் சாவியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார்.

"இந்தச் சீசாவைக் கையில பிடிச்சு மருந்தைக் கதகதப்பாக்கிக்குங்க. ஒருக்களிச்சுப் படுத்து, அடைச்ச காதுல மூணு சொட்டு. பத்து நிமிஷம் அசையக் கூடாது. தினம் மூணு வேளை, அஞ்சு நாள். ஊறும்போது முதல்ல இன்னும் அதிகமா அடைக்கும். பயந்துபோய் நோண்டாதீங்க. நடுவுல வலிச்சாலோ, அஞ்சு நாள்ல விடலைன்னாலோ டாக்டர்கிட்ட போயிடணும்."

"வீட்டுல தெரியாமப் போட்டுக்கலாமா?"

"காதுக்குத் தெரிஞ்சாப் போதும் சார்."

சாயங்காலம் மனைவி சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து, படுக்கக்கூட நேரமில்லாமல் கூடத்தில் நின்றபடியே தலையைச் சாய்த்து மூன்று சொட்டு விட்டுக்கொண்டார். மருந்து வெளியே வழியக் கூடாதே. கழுத்தைத் திருப்பாமல், கண் போன இடத்திலேயே பார்வையை நிறுத்தி நின்றார். கண் போன இடம் பரண்.

மனைவி வந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் பார்த்த இடத்தைப் பார்த்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்த பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

மாஸ்டருக்குச் சுரீரென்று உறைத்தது. பயணம். ஞாயிற்றுக்கிழமை அவர் தலையாட்டியது ஒரு பயணத்துக்கு.

"பெரிய பெட்டியே எடுத்துட்டியா?" என்றார், விஷயம் தெரிந்தவர் போல.

மனைவி ஒரு கணம் யோசித்தாள். மறுபடி ஏறிச் சின்னப் பெட்டியையும் இறக்கினாள். ஒரு பெட்டிக்கே பதில் இல்லாமல் தவித்தவர் முன்னால் இப்போது இரண்டு பெட்டிகள்.

செவ்வாய்க்கிழமை மருந்துக் கடைப் பெண்மணி சொன்னபடியே காது இன்னும் நன்றாக அடைத்துக்கொண்டது. மாஸ்டர் சாப்பிட்டால் மெல்லுகிற சத்தம் மட்டும் தலைக்குள் மாவு மில் ஓடுவதுபோலக் கேட்டது. கைவைத்தியம் எதுவும் செய்யாமல் ஒழுங்காகக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து மருந்து விட்டுக்கொண்டார். வலது காதில் மருந்து, இடது காது தலையணைக்குள். இடி விழுந்தாலும் தெரியாத நிலை.

அந்த நேரம் பார்த்து மனைவி கட்டிலருகே வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். முகத்தில் கேள்விக்குறி.

பத்து நிமிஷம் சும்மா விடு, எழுந்து வருகிறேன் என்ற அர்த்தத்தில் மாஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

மனைவியின் கண்கள் விரிந்தன. மெதுவாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். பத்து நிமிஷம் கழித்து எழுந்து பார்த்தால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் பத்துப் புடவைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இனி வேறு வழியில்லை என்று புதன்கிழமை மனைவியின் அண்ணனுக்குப் போன் செய்தார். அவரிடம் பேச மாஸ்டருக்கு எப்போதுமே பயம். அந்த மனிதர் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு மூச்சு விடக்கூட இடம் கிடைக்காது. ஆனால் அடைத்த காதுக்குள்ளும் நுழைகிற குரல் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

"மச்சான், உங்க தங்கச்சி ஏதாவது சொன்னாளா? பெட்டியெல்லாம் இறக்கி வச்சிருக்கா..."

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. எங்க வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு முன்னறிவிப்பு எதுக்கு? இப்பவே தங்கச்சிகிட்ட பேசறேன்."

"இல்ல மச்சான், நான் கேக்க வந்தது..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. கால் மணி நேரத்தில் மறுபடி அடித்தது.

"பேசிட்டேன். பத்து நாளாமே. மாடியறையைச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டேன். காலையில அஞ்சு மணிக்கு என்கூட நடக்க வந்துடணும், நிறையப் பேசலாம்."

பத்து நாள். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முதலில் வந்தது கோபம். கொஞ்ச நேரத்தில் அது கரைந்து வெட்கமாகிவிட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் அவளை எங்கே கூட்டிப் போயிருக்கிறார்? அண்ணன் வீட்டில் பத்து நாள் இருக்க வேண்டும் என்கிற ஆசையை எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தாளோ, பாவம். அதைச் சொன்ன அன்றைக்கு இவர் காதில் குச்சி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

போகத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார்.

வியாழக்கிழமை டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் பத்து நாள் லீவு கேட்டார்.

"பத்து நாளா? உங்களுக்கென்ன உடம்பா?"

"மச்சான் வீடு சார்."

"உங்க மச்சானை எனக்குத் தெரியும். போய் வந்தப்புறம் உடம்புக்கு லீவு போடுவீங்களே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் முதலாளி.

வீட்டுக்கு வந்து லீவுக் காகிதத்தை நீட்டினார். மனைவி படித்தாள். அவள் முகம் ஒரு விதமாகப் போயிற்று. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். மறுநாள் அவளும் நீச்சல் குளத்தில் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். அவள் இந்த வாரம் முழுக்கச் சத்தமே இல்லாமல், பூப்போலப் பேசுகிறாள் என்பதையும் அவர் கவனித்தார். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய குரல் அது. பயணம் என்றதும் மனசு எவ்வளவு குளிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை புறப்பாடு. காலையில் வெந்நீரில் குளித்துவிட்டுத் துவட்டும்போது வலது காதில் ஏதோ நழுவியது. தலையைச் சாய்த்தார். காபிக்கொட்டை அளவுக்கு ஒரு பழுப்பு உருண்டை துண்டில் வந்து விழுந்தது. குழாய் சொட்டுவது கேட்டது. மாடி வீட்டுக்காரர் தும்முவது கேட்டது. மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. குச்சியும் வேண்டாம், ஊக்கும் வேண்டாம், அஞ்சு நாள் பொறுமைதான் மருந்து என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இனி இவள் சொல்கிற ஒரு வார்த்தையையும் விடக் கூடாது என்ற வைராக்கியத்தோடு பெட்டிகளைக் காரில் ஏற்றினார்.

"வீட்டுச் சாவியை எடுத்துக்கிட்டியா?"

"சரிங்க."

"பின் கதவைத் தாழ் போட்டியா?"

"சரிங்க," என்று மென்மையாகச் சிரித்தாள்.

எதைக் கேட்டாலும் சரிங்க. இப்படி ஒரு மனைவியை இத்தனை வருஷம் ஏன் எங்கேயும் கூட்டிப் போகாமல் இருந்தோம் என்று தம்மையே நொந்துகொண்டார். மச்சானின் ஐந்து மணி நடையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது.

மச்சான் ஊருக்குப் போகிற மலைப்பாதையில் அவளுக்குத் தலை சுற்றும். மாத்திரை வாங்க முனை மருந்துக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"காது விட்டுடுச்சும்மா. நீங்க நல்லா இருக்கணும்," என்றார் மாஸ்டர்.

பெண்மணி மாத்திரையை எடுக்காமல் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வண்டியில இருக்கறது நீச்சல் குளத்து டீச்சர்தானே? அவங்க உங்க வீட்டம்மாவா?"

"ஆமா. பத்து நாள் அவங்க அண்ணன் வீட்டுக்குப் போறோம்."

பெண்மணி இழுப்பறையைத் திறந்து அதே சொட்டு மருந்தில் ஒரு சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அப்ப இதை அவங்ககிட்ட குடுத்துடுங்க சார். நேத்து கேட்டாங்க, ஸ்டாக் தீந்துபோச்சு. பாவம், குளத்துத் தண்ணி ஊறி ரெண்டு காதும் ஒரு வாரமா அடைச்சுக் கிடக்கு, தன் குரலே தலைக்குள்ள இடிக்குதுன்னு மெதுவாத்தான் பேசறாங்க. வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை என்னமோ முனகினாராம், காதுல விழாம சரிங்கன்னு சொல்லிட்டாங்களாம். அதுலேருந்து அவர் பரணைக் காட்டறாரு, பத்து விரலைக் காட்டறாரு, லீவு போட்டுட்டு வந்து நிக்கறாரு, இவருக்கு எங்க அண்ணன்மேல திடீர்னு இவ்வளவு பாசம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கவும் முடியலையேன்னு நேத்து இங்கே உக்காந்து அழுதாங்க."